பத்து எச்பி காமெரா

மோகனசுந்தரத்துக்கு எண் என்றால் அது பெரிய எண்ணாக இருக்க வேண்டும். மின்விசிறி வாங்கப் போனால் எது அதிக வேகம் என்று கேட்பார். உரம் வாங்கப் போனால், மூட்டையின் மேல் அச்சடித்த எண்களில் எது பெரியதோ அதைத்தான் வண்டியில் ஏற்றச் சொல்வார். மண்ணுக்கு என்ன வேண்டும் என்று மண்ணைக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அண்ணன் குப்பண்ணன் கிணற்றில் ஏழரை எச்பி மோட்டார் வைத்த வருஷமே, இவர் அதே கிணற்றில் பத்து எச்பி மோட்டாரை இறக்கினார். அண்ணன் மூன்று மணி நேரம் இறைக்கிற தண்ணீரை இவர் இரண்டே கால் மணி நேரத்தில் இறைத்துவிட்டு, மிச்ச நேரத்துக்கு அண்ணன் வீட்டுக்குத் தெரிகிற மாதிரி வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அதற்கு மேல் அந்த மோட்டாரால் ஒரு பயனும் கிடையாது. கிணற்றில் ஊறுகிற தண்ணீர்தானே ஊறும்.

கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே அவருக்கு எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு. அந்தப் பக்கத்தில் ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், சண்டை தமிழில் நடக்கும். சந்தைக்குப் பொள்ளாச்சி போவார்கள், கையெழுத்து வாங்கப் பாலக்காட்டுச் சித்தூர் போவார்கள். அப்பா காலமான பிறகு நிலத்தை இரண்டாகப் பிரித்தார்கள். கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. அதனால் முறை வைத்தார்கள். மூன்று நாள் அண்ணன், மூன்று நாள் தம்பி. விடிகாலை ஆறு மணிக்கு முறை மாறும். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஆறு மணி ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. வீட்டில் சாவு விழுந்த நாளில்கூட முறைக்காரர் மோட்டாரைப் போட்டுவிட்டுத்தான் பாடை கட்டப் போனார்.

காமெரா வந்த கதை சின்னது. பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பந்தியில் பக்கத்து இலைக்காரர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய காமெரா ஒன்றை நெஞ்சில் மாட்டிக்கொண்டு சாப்பிட்டார். "தண்ணிக்குள்ளயும் எடுக்குமுங்க" என்றார். மோகனசுந்தரத்துக்குப் பாயசம் இறங்கவில்லை. அடுத்த வாரமே கோயமுத்தூர் போய், கடைக்காரர் எடுத்து வைத்ததில் பெட்டியின் மேல் எந்த எண் பெரியதோ அதை வாங்கி வந்தார். 'மோகன் தோட்டம்' என்று யூட்யூபில் சேனல் ஆரம்பித்தார்.

காமெராவுக்குள் எதையெல்லாம் ஏற்ற முடியுமோ எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றினார். படத்தின் அளவு உச்சம். ஒரு வினாடிக்கு நூற்றிருபது ஃப்ரேம். வெளிச்சத்தைக் கூட்டுகிற ஐஎஸ்ஓ ஆறாயிரத்து நானூறு. கோணம் எவ்வளவு அகலமோ அவ்வளவு. ஆட்டத்தைத் தடுக்கிற வசதி எவ்வளவு உண்டோ அவ்வளவும். பத்து நிமிஷத்தில் காமெரா இட்லிச் சட்டியாகச் சுட்டு, தானாக அணைந்துபோனது. அணைவதற்குள் எடுத்த வீடியோக்களில் தென்னை மரங்கள் வில்லாக வளைந்து நின்றன. அவர் குரல் மட்டும் நன்றாகக் கேட்டது. எழுபத்தொரு பேர் சேனலில் சேர்ந்தார்கள். பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பேர், பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தப்பிக்க வழியில்லாமல் போனவர்கள்.

தை மாசத்தில் ஒரு நாள் மோட்டார் தண்ணீரை இழுக்கவில்லை. அடியில் என்ன அடைத்திருக்கிறது என்று பார்க்க, காமெராவைத் தொரட்டிக் கம்பின் நுனியில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டார். எடுத்துப் பார்த்தால் கறுப்பும் பச்சையுமாக, ரவையைக் கொட்டிக் கிளறிய மாதிரி ஒரு படம். இரண்டு தடவை, மூன்று தடவை விட்டார். அதே ரவைதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கிணறு சரியில்லை என்றார்.

பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவி நர்மதா கேட்டாள்: "ஏனுங்க, ஒருக்கா நான் பாக்கட்டுங்ளா?"

"உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? வெச்சுப் பாரு" என்று கொடுத்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் பிறகு எத்தனை தடவை தன்னையே நொந்துகொண்டார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

நர்மதா கிணத்துக்கடவுக்காரி. நடக்கப் பழகிய கொஞ்ச நாளில் நீந்தப் பழகியவள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் மகளை வளர்த்துக் கோயமுத்தூர் விடுதியில் சேர்த்தாள், மூன்று எருமைகளைப் பார்த்தாள், குழம்புக்கு உப்பை ஒரே தடவையில் போடாமல் கொஞ்சம் போட்டு நாக்கில் வைத்துப் பார்த்துப் போட்டாள். காமெராவையும் அவள் அப்படித்தான் வைத்துக்கொண்டாள். ஒரு தடவைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றுவாள். தண்ணீருக்குள் விட்டு எடுத்துப் பார்ப்பாள். பார்த்ததைத் தினக்காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி வைப்பாள்.

தண்ணீருக்குள் நிறம் எப்படி மாறுகிறது என்று தெரிய வேண்டும். ஒரு குச்சியில் வரமிளகாய் ஒன்று, மஞ்சள் கிழங்கு ஒன்று கட்டிக் காமெராவின் முன்னால் ஓர் அடி தள்ளி நீட்டினாள். நிறத்தைக் காமெராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், பாசி குறுக்கே வரும்போதெல்லாம் மிளகாய் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு ஓடியது. ஒயிட் பேலன்ஸை ஐயாயிரத்து ஐந்நூறில் நிறுத்தி வைத்தாள். மிளகாய் மிளகாயாக நின்றது. ஐஎஸ்ஓவை இறக்க இறக்க ரவை குறைந்தது. நானூறுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதினாள். ஆனால் வெளிச்சம் வேண்டும். சூரியன் நேராகக் கிணற்றுக்குள் விழுகிற பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரைதான் எடுக்கலாம் என்றும் எழுதினாள். நூற்றிருபது ஃப்ரேமுக்கு அந்த வெளிச்சமும் போதாது, முப்பது போதும். கோணத்தை அகலத்திலிருந்து லீனியருக்கு மாற்றினாள், வளைந்த கல்லெல்லாம் நேராயின.

பெட்டியோடு ஒரு சிவப்புக் கண்ணாடி வந்திருந்தது. அதை மாட்டியே ஆக வேண்டும் என்று மோகனசுந்தரம் ஒற்றைக்காலில் நின்றார். மாட்டினாள். இரண்டு ஆள் ஆழம்கூட இல்லாத இடத்தில் கிணறு ரத்தக் குளமாகத் தெரிந்தது. "அது கடலுக்குங்க. ரொம்ப ஆழத்துல சேப்பு செத்துப் போகுமாட்ட இருக்குது, அதுக்கு" என்று கழற்றி டப்பாவில் போட்டாள்.

கிட்டத்தில் எடுக்கிறதுதான் கடைசிவரை பிடிபடவில்லை. ஓர் அடிக்கு உள்ளே எது வந்தாலும் அந்தக் காமெராவுக்குக் கண் தெரியவில்லை. மகள் ஏதோ தேடிப் பார்த்து, முன்னால் திருகி மாட்டுகிற க்ளோசப் லென்ஸ் ஒன்றை வாங்கி அனுப்பினாள். அதை மாட்டினால் சரியாக ஒரு சாண் தூரத்தில் இருப்பது மட்டும் துலக்கமாகத் தெரியும். அரைச் சாண் முன்னே பின்னே போனால் புகை. நர்மதா தொரட்டிக் கம்பில் ஒரு சாணுக்கு ஆணியால் கோடு கீறி வைத்தாள். தண்ணீருக்குள் விரல் வைத்தால் திரை கேட்காது என்பதால், கரையிலேயே எல்லாவற்றையும் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் இறங்குவாள்.

மோட்டாரில் அடைத்திருந்தது ஒரு பழைய சாக்கு. அதை அவள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அந்தப் படத்தில் சாக்குக்குப் பின்னால் ஒரு விரால் மீன் வந்து நின்றது. எப்போதோ அண்ணன் விட்ட குஞ்சுகளில் ஒன்று, முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. காமெராவை நேருக்கு நேர் பார்த்தது. தாடை அசைவது, கண்ணைச் சுற்றி இருக்கிற மஞ்சள் வளையம், எல்லாம் தெரிந்தது. நர்மதா அதை 'எங்க கெணத்து விரால்' என்று பெயர் போட்டுச் சேனலில் ஏற்றினாள். அவள் குரல் இல்லை, முகம் இல்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள்.

மோகனசுந்தரம் முதல் நாள் சந்தோஷப்பட்டார். அதைச் சொல்லாவிட்டால் பாவம். இரண்டாம் நாள் கீழே எழுதியிருந்ததை எல்லாம் படித்தார். 'அக்கா சூப்பர்', 'அக்கா என்ன செட்டிங்', 'அக்கா அடுத்த வீடியோ எப்போ'. அண்ணா என்று ஒருத்தரும் எழுதவில்லை. சேனலின் பெயரே மோகன் தோட்டம். அந்த மோகன் யார் என்று கேட்கவும் ஆளில்லை. மூன்றாம் நாளிலிருந்து அவருக்கு நெஞ்சுக்குக் கீழே எரிய ஆரம்பித்தது. சோடா குடித்துப் பார்த்தார். சோடாவில் தீருகிற எரிச்சலா அது? பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் இருந்தால் அவர் அதைத்தான் வைத்திருப்பார்.

கொழிஞ்சாம்பாறை பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் வந்து வணக்கம் வைத்தார்.

"நர்மதாக்கா வூட்டுக்காரருங்களா நீங்க?"

இருபத்து நான்கு வயசுவரை அவர் குழந்தைசாமிக் கவுண்டர் மகன். பிறகு குப்பண்ணன் தம்பி. அதிலிருந்து மீள்வதற்குத்தான் பத்து எச்பி போட்டார். இப்போது நர்மதா வீட்டுக்காரர். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் எதைப் பார்த்தாலும் அவருக்குக் குற்றமாகத் தெரிந்தது. காலண்டர் தாள்களை ரப்பர் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்திருந்தாள், அது குற்றம். கிணற்றிலிருந்து ஈரத்தலையோடு சிரித்துக்கொண்டு வந்தாள், அது பெரிய குற்றம். அவளுக்குத் தெரியாமல் அவள் வைத்த எண்களையே வைத்து ஒரு நாள் எடுத்துப் பார்த்தார். முப்பது, நானூறு என்று அவ்வளவு சின்ன எண்களைப் பார்க்கப் பார்க்கக் கை பொறுக்கவில்லை. கொஞ்சம் ஏற்றினார். பழையபடி ரவை வந்தது. அதற்கும் அவர் மனசுக்குள் நர்மதாவைத்தான் திட்டினார்.

வைகாசியில் கோடைமழை பெய்து கிணற்றில் இரண்டு படி தண்ணீர் ஏறியது. விரால் ஜோடி பாறை இடுக்கில் குஞ்சு பொரித்தது. குஞ்சுகள் செந்தூர நிறத்தில், நூற்றுக்கணக்கில், ஒரே பந்தாகச் சேர்ந்து மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்கும். கீழே தாயும் தகப்பனும் காவல் சுற்றும். இந்தச் செய்தி எப்படியோ சித்தூர் மீன் வளர்ப்போர் சங்கத்துச் செயலாளர் சுஜினுக்குப் போனது. பைக்கில் வந்து இறங்கினார். மலையாளமும் தமிழுமாகப் பேசுகிற, முப்பது வயசுக்காரர்.

"சேச்சி, ஞாயறாழ்ச்ச சித்தூர்ல நம்மட பரிபாடி, நம்ம சங்கத்து விழா இருக்கு. எழுநூறு பேர் வருவாங்க. இந்த வரால் பார்ப்பு, குஞ்சுக்கூட்டம், அது கிட்டத்தில நின்னு எடுத்து ஒரு அஞ்சு மினிட் தந்தா பெரிய ஸ்கிரீன்ல இடலாம். சேச்சி பேரும் போடலாம். ஸ்டேஜ்ல வந்து ரெண்டு வாக்கு சொல்லணும்."

"எனக்கு மேடையெல்லாம் ஏறிப் பழக்கமில்லீங்க தம்பி" என்றாள் நர்மதா. சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அவள் கண் அப்படி மின்னி அவர் பார்த்து வருஷமாகியிருந்தது.

"சேட்டனும் வரணும், கேட்டோ" என்றார் சுஜின். அந்த 'உம்'மை மோகனசுந்தரம் ராத்திரி சோற்றோடு சேர்த்து மென்றார்.

படம் எடுக்கத் தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். மோட்டார் ஓடினால் இரண்டு நாளைக்குக் கலங்கல் நிற்கும். திங்கள், செவ்வாய், புதன் இவர்கள் முறை. வியாழன் காலை ஆறு மணிக்கு அண்ணன் முறை. ஞாயிற்றுக்கிழமைக்குள் இவர்கள் முறை மறுபடி வந்து, தண்ணீர் தெளிந்து, பிறகு எடுப்பதென்பது நடக்காது. அதற்குள் குஞ்சுகளும் பந்து கலைந்து பிரிந்துவிடும். திங்களும் செவ்வாயும் மோட்டாரைப் போடாமல் விட்டால், புதன்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு மணி நேரம் கிடைக்கும். அவ்வளவுதான் அவளுக்கு இருந்த வாய்ப்பு.

"ரெண்டு நாளைக்கு மோட்டாரு வேண்டாங்க. மழைதான் பேஞ்சிருக்குதே" என்று நர்மதா கேட்டாள். மறுக்க அவரிடம் காரணம் இல்லை. சரி என்றார். இரண்டு நாளும் தன் பத்து எச்பி மோட்டார் வாயை மூடிக்கொண்டு கிடப்பதை மோட்டார் ரூம் வாசலில் நின்று பார்த்தார். அவர் முறையில், அவர் கிணற்றில், அவர் காமெராவில் எடுக்கப்போகிறாள். மேடை ஏறப்போவது அவள்.

புதன்கிழமை. வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. பத்தே முக்காலுக்கு நர்மதா காமெராவுக்குப் புது பேட்டரி போட்டு, லென்ஸைத் திருகி, தாளைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக வைத்து, பூட்டி, மோட்டார் ரூம் ஜன்னல் திட்டில் துண்டு விரித்து அதன் மேல் வைத்தாள். எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, துணி மாற்றிக்கொண்டு வரப் போனாள்.

மோகனசுந்தரம் உள்ளேதான் இருந்தார். காமெராவைக் கையில் எடுத்தார். சும்மா பார்க்கத்தான் எடுத்தேன் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், அது பொய். பூட்டைத் திறந்தார். நானூறை ஆறாயிரத்து நானூறு ஆக்கினார். முப்பதை நூற்றிருபது ஆக்கினார். லீனியரை அகலமாக்கினார். நிறத்தைக் காமெராவின் இஷ்டத்துக்கு விட்டார். ஆட்டத் தடுப்பை உச்சத்தில் வைத்தார். ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று இந்தத் தடவை அவருக்கு நன்றாகவே தெரியும். நர்மதா சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறாள். கேட்டால் சொல்வதற்குப் பதிலும் தயாராக இருந்தது: பெரிய நம்பர்தான் நல்லதுன்னு நெனச்சேன். ஊரே அவர் குணத்தை அறியும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்பார்கள். இங்கே எதிரி எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

மறுபடி பூட்டித் துண்டின் மேல் இருந்தபடியே வைத்தார். வரப்பில் போய் நின்றுகொண்டார்.

நர்மதா வந்தாள், காமெராவை எடுத்துக் கம்பில் மாட்டினாள், படியிறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். மேலிருந்து பார்க்கையில் செந்தூரப் பந்து அவள் கம்பின் முனைக்கே வந்து வந்து போனது. தாய் விரால் ஒரு தடவை கம்பை முட்டியது. அவள் அசையவில்லை. சிலையாட்டம் நின்றாள். பன்னிரண்டு அடித்து வெயில் சுவரேறும்வரை நின்றாள். கை மரத்துப்போய் மேலே வந்தவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

படத்தை ஃபோனில் போட்டுப் பார்த்தாள். முதலில் சிரிப்பு போனது. மூலை நான்கும் கறுத்த வட்டம். நடுவில் நீலமா பச்சையா என்று தெரியாத ரவை. அதில் குஞ்சுகள் இருந்த இடம் குங்குமம் கொட்டித் தேய்த்த மாதிரி இருந்தது. ஒன்பதாவது நிமிஷம் காமெரா சூடேறி நின்றுபோயிருந்தது. அவள் மிச்ச நேரமெல்லாம் அணைந்த காமெராவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"என்னாச்சு?" என்றார் மோகனசுந்தரம்.

"படம் விழுகலீங்க" என்றாள்.

அவருக்கு நெஞ்செரிச்சல் நின்றது. நிஜமாகவே நின்றது. நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றைக்கு மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டார். ரசம் இன்னொரு கை வாங்கினார். நர்மதா சாப்பிட்டாளா என்று பார்க்கவில்லை.

சாயங்காலம் அவள் சுஜினுக்கு ஃபோன் பண்ணியது உள்ளறைவரை கேட்டது. "ஆகலீங்க தம்பி... இல்லீங்க, நாளைக்கு முடியாதுங்க, நாளைக்குப் பெரியவரு முறைங்க... என்ற பேரு வேண்டாம், எடுத்துருங்க... ஏனுங்க தம்பி, எங்கூட்டுக்காரரு தென்னைக்கு மருந்து வெக்கறதை எடுத்து வெச்சிருக்காரு, அதைப் போடறீங்ளா?" அந்தப் பக்கத்திலிருந்து சுஜினின் குரலும் கேட்டது: "அது பின்னீடு, பெறகு நோக்கலாம் சேச்சி."

மோகனசுந்தரத்துக்கு முகம் சுட்டது. தனக்காக அவள் கேட்டாள் என்பது ஒரு பக்கம். வேண்டாம் என்றார்கள் என்பது இன்னொரு பக்கம். இரண்டில் எது அதிகமாகச் சுட்டது என்று அவரிடம் கேட்டால் சொல்ல மாட்டார்.

காப்பி கொண்டுவந்தாள். அவளுக்கு ஏதாவது தெரியுமா என்று பார்த்துவிட வேண்டும் போல இருந்தது. சும்மா இருந்திருக்கலாம்.

"நீ வெச்ச நம்பர்ல எங்கியோ தப்பு பண்ணியிருப்பே" என்றார்.

"இல்லீங்க. நான் வெச்சது சரியாத்தான் இருந்துச்சு. கம்பில மாட்டறப்பப் பாத்தேனுங்க. எல்லாமே மாறி இருந்துச்சு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்கதான் மாத்தியிருக்கீங்கன்னு தெரிஞ்சுது. வேற யாரு இருந்தா அங்க? இன்னைக்கு வெயிலு சாஸ்தியா இருக்குது, அதைப் பாத்து ஏதோ யோசனையோடதான் மாத்தியிருப்பீங்கன்னு அப்படியே உட்டுட்டேன். நீங்க பொறந்ததுலருந்து பாக்கற கெணறு, உங்களுக்குத் தெரியாததுங்ளா?" அலமாரியிலிருந்து அன்றைய காலண்டர் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "எதுக்காட்டி மாத்துனீங்கன்னு சொன்னீங்கன்னா எழுதி வெச்சுக்குவேன். அடுத்த தடவைக்கு ஆகும்."

தயாராக வைத்திருந்த பதில் அவர் வாயில்தான் இருந்தது. பெரிய நம்பர்தான் நல்லதுன்னு நெனச்சேன். ஆறு வார்த்தைகூட இல்லை. சொன்னால் அவள் அதை அப்படியே நம்பித் தாளில் எழுதிக்கொள்வாள். "வர்றேன்" என்று எழுந்து வெளியே நடந்தார்.

நடந்தது அண்ணன் வீட்டுக்கு. பத்து எச்பி போட்டதிலிருந்து, விசேஷம் தவிர அந்த வாசலை அவர் மிதித்ததில்லை. குப்பண்ணன் களத்தில் தேங்காய் மட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் மோட்டாரைப் போடாம இருக்கோணும். பதிலுக்கு என்ற முறையில ஒரு நாளு முழுசா எடுத்துக்குங்க."

குப்பண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "அம்மா செத்தன்னிக்குக்கூட முறை மாத்துனதில்ல. எதுக்கடா?"

"நர்மதா மீன் படம் எடுக்கோணும்."

"இன்னைக்கு அவ எடுத்துட்டிருந்ததைப் பாத்தனே."

"அதை நான் கெடுத்துப்போட்டேன்." சொல்ல ஆரம்பித்ததும் நிற்கவில்லை. "வேணும்னேதான் கெடுத்தேன். எல்லாரும் அவ பேரையே சொல்றாங்க. எனக்குப் பொறாமைங்ண்ணா. தாங்க முடியலீங்ண்ணா."

குப்பண்ணன் ஒரு மட்டையைக் காலால் தள்ளினார். பிறகு சொன்னார்: "நீ பத்து எச்பி போட்டயல்ல, அப்ப நானுந்தான் ராவும் பகலும் வெந்தேன். உன்ற ஃபியூசைப் புடுங்கிப் போட்டுரலாம்னு ரெண்டு தடவை மோட்டார் ரூம் வரைக்கும் வந்தேன்."

"பொறகு?"

"கை வரல. திரும்பிட்டேன்."

அண்ணன் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் தம்பிக்கு அது ஆறுதலாக இல்லை. இவருக்குக் கை வந்திருந்தது. பொறாமையில்கூட அண்ணன் ஒரு படி மேலே நிற்கிறார் என்று நினைத்தபோது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குப்பண்ணன் அதைப் பார்க்காத மாதிரி, "பன்னண்டு வரைக்குந்தான். ஒரு நிமிசம் ஏறுனாலும் போட்டுருவேன்" என்றார்.

வியாழன் காலை ஆறு மணிக்கு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அண்ணன் முறையில் அண்ணன் மோட்டார் ஓடவில்லை. நர்மதா எருமைகளிடமிருந்து ஓடி வந்து கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடியாக நின்றது. "பெரியவரு எப்படீங்க குடுத்தாரு?" என்று கேட்டாள். "கேட்டேன், குடுத்தாரு" என்றார். அவள் அதற்கும் சந்தோஷப்பட்டாள்.

பத்தே முக்காலுக்கு லென்ஸைத் திருகி, பேட்டரி போட்டு, காமெராவை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே வெச்சுக் குடுங்க. நேத்து நீங்க வெச்சதுல ஏதோ ஒண்ணு மட்டுந்தான் ஒத்து வரலீன்னு நெனைக்கறேன். அதை மட்டும் மாத்துனாப் போதுமல்லங்க?"

அவர் கை நீட்டவில்லை. பதினொன்றாகப் போகிறது, வெயில் கிணற்றின் முதல் படியைத் தொட்டிருந்தது. இப்போதும் ஒன்றும் சொல்லாமல் வாங்கி, அவள் தாளில் இருக்கிற எண்களையே வைத்துக் கொடுத்துவிடலாம். படம் நன்றாக வரும். தன் வீட்டுக்காரர் சரி பண்ணிக் கொடுத்தார் என்று ஞாயிற்றுக்கிழமை மேடையில் எழுநூறு பேர் முன்னால் சொல்வாள். கட்டாயம் சொல்வாள். அவர் நான்கு மாதமாக ஏங்கியது அதுதான், இதோ கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"எங்கையில குடுக்காதே, நர்மதா. நேத்து யோசனை பண்ணியெல்லாம் மாத்தல. படம் கெடட்டும்னுதான் மாத்தினேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தது அவருக்கும் தெரிந்தது. ஏன் என்று கேட்பாள், திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தார். அவள் காலண்டர் தாளை எடுத்தாள்.

ஜன்னல் திட்டில் தாளை விரித்து வைத்து, ஒவ்வொரு எண்ணாக வைத்தாள். நானூறு. முப்பது. லீனியர். ஐயாயிரத்து ஐந்நூறு. பூட்டினாள். படியில் இறங்கப் போனவள், அவர் நின்ற இடத்தைத் தாண்டியதும் நின்று, காமெராவைத் திறந்து முதலிலிருந்து ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்தாள். அவர் தொடவே இல்லை. இருந்தாலும் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.